ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள்

எங்கள் கடையில் காலையில் முதலில் வருகிறவர்தான் காபி போட வேண்டும். முதலாளி லைல் போடும் காபியைக் குடிக்க முடியாது என்பதால் நான் எப்போதும் அவருக்கு முன்னால் வந்துவிடுவேன். அக்டோபர் பத்தொன்பதாம் தேதியும் அப்படித்தான் வந்தேன். கடை வாசலில் ஒரு பெரியவர் கணினிப் பெட்டி ஒன்றைக் கம்பளியில் சுற்றிக் கையில் ஏந்தியபடி நின்றிருந்தார். ஏரியிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டேன். அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று காலை எனக்கு எந்தத் திட்டமும் இருக்கவில்லை. நீங்கள் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழுதுச் சீட்டில் எழுதப் பெயர் கேட்டேன். வெர்லின் ஸ்கார் என்றார். ஸ்காருக்கு இரண்டு ஏ போட வேண்டும் என்றார். எனக்குத் தெரியும். பதிமூன்று வருடங்களாக அந்தப் பெயரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பக்க அறிக்கை ஒன்றின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே அது தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அதற்கும் கீழே, தீ விபத்து விசாரணை அதிகாரி என்று இருக்கும்.

அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. என் சட்டைப் பையின் மேல் ‘கே’ என்று மட்டும்தான் தைத்திருக்கும். கைசா என்று முழுதாகக் கூப்பிட லைலுக்குச் சோம்பல்.

“தூங்க விட்டா ஒழுங்கா எழுந்திரிக்க மாட்டேங்குதும்மா,” என்றார் ஸ்கார். “எழுந்தாலும் பத்து செகண்ட்தான். திரை நீலமாகி அப்படியே நின்னுடுது.”

“யார் சேர்த்துக் கட்டினது?”

“நான்தான். வீடியோ பாத்துக் கட்டினேன். எழுபத்தோரு வயசுல சைக்கிள் பழகறவன் மாதிரி இருக்கேன்னு என் மனைவி சொன்னா.”

அப்போது லைல் உள்ளே வந்தார். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“வீட்ல கட்டினதா? வீட்ல வெட்டிக்கிட்ட முடி மாதிரிதான் இருக்கு. பின்னாடி போய்ப் பாத்தாத்தான் சங்கதி தெரியுது,” என்றார். “பயப்படாதீங்க. கே பாத்துக்குவா. மனுஷங்ககிட்டதான் பேச மாட்டா.”

ஸ்கார் சிரித்தார். பிறகு அவசரம் என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவருடைய அவசரம் வேறு மாதிரியானது.

அவர் மனைவி ஆர்லிஸுக்கு நரம்பு நோய். தசைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திவிடும். கைகள் ஏற்கெனவே போய்விட்டன. அடுத்தது குரல். அதற்கு முன்பு அவள் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துவிட்டால், குரல் மையம் ஒன்றில் அதிலிருந்து அவளுடைய சொந்தக் குரலை ஓர் இயந்திரத்தில் உருவாக்கித் தருவார்கள். பிறகு அவள் கண்ணால் எழுத்துகளைத் தொட்டால் இயந்திரம் அவள் குரலில் பேசும். கிறிஸ்துமஸ் வரை குரல் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“இருபது வாக்கியம் படிச்சா களைச்சுப் போயிடறா. படுக்க வெச்சுட்டு வந்து பாத்தா, இதுவும் தூங்கிடுது. எழுப்பினா அன்னிக்குப் படிச்சதெல்லாம் போயிடுது. நேத்து நாப்பது போச்சு. அவகிட்ட நான் சொல்லல.”

“பதிவானதை அப்பப்போ திருப்பிக் கேட்டுப் பாக்கறீங்களா?” என்று கேட்டேன். அது சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான்.

“இல்லம்மா. அவ கேக்க மாட்டா. நேத்தைவிட இன்னிக்கு மோசம்னு தெரிஞ்சிடும்ங்கறா. என்னையும் கேக்கக் கூடாதுன்னுட்டா. எல்லாம் முடிஞ்சதும் மொத்தமா அனுப்பிடுவோம்.”

சீட்டில் அதை நான் எழுதவில்லை.

இந்தத் தொழிலைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். உறங்கும் கணினி அணைந்த கணினி அல்ல. திரை கறுத்துவிடும், விசிறி நின்றுவிடும். ஆனால் உள்ளே மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை அது நினைவில் வைத்திருக்கிறது. எழுப்பும்போது எல்லாப் பாகங்களும் ஒரே நொடியில் பழைய நிலைக்கு வர வேண்டும். ஒன்று பிந்தினாலும் மொத்தமும் விழும்.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. மெமரி. அட்டைப்பெட்டியில் ஒரு வேகம் அச்சிட்டு விற்பார்கள். வீட்டில் கட்டுகிறவர்கள் எல்லோரும் அமைப்புகளுக்குள் போய் அந்த வேகத்தை முடுக்கிவிடுவார்கள். விழித்திருக்கும்போது அந்த வேகத்தைத் தாங்கிவிடும். உறங்கி எழும்போதுதான் தடுமாறும். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். ஒரே ஒரு வரி மாற்றம். அவர் காபியை முடிப்பதற்குள் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

நாளைக்கு வாருங்கள் என்றேன்.

வேகத்தை நான் குறைக்கத்தான் செய்தேன், ஆனால் கொஞ்சமாக. மெமரிக்குப் போகும் மின்னழுத்தத்தையும் ஒரு துளி குறைத்தேன். அன்றும் மறுநாளும் மறுபடி மறுபடி உறங்க வைத்து எழுப்பிப் பார்த்து, நான் தேடிய இடத்தைக் கண்டுபிடித்தேன். அந்த இடத்தில் கணினி விழாது. சோதனைகள் எல்லாம் பச்சை காட்டும். ஆனால் ஒவ்வொரு முறை எழும்போதும் நினைவில் இருப்பதில் ஏதோ சில எண்கள் மட்டும் மாறிப்போகும். யாரும் பார்க்காத இடத்தில், சத்தமில்லாமல்.

சுருக்கமாகச் சொன்னால், வெளியே தெரிந்த கோளாறை எடுத்துவிட்டுத் தெரியாத கோளாறை உள்ளே விட்டேன்.

அதோடு ஒரு சின்ன நிரலும் எழுதி வைத்தேன். கணினி உறங்கி எழும் ஒவ்வொரு முறையும் அது எல்லா ஒலிப்பதிவுகளையும் நினைவில் ஏற்றித் திரும்பச் சேமிக்கும். பதிவுகள் கெடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்று ஸ்காரிடம் சொன்னேன். வெளியே இணைக்கும் வட்டு ஒன்றில் தினமும் மாலையில் ஒரு நகல் போகும்படி செய்தேன். புது நகல் பழைய நகலின் மேலேயே எழுதப்படும். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இதன் விளைவை நான் கணக்கிட்டிருந்தேன். ஆர்லிஸின் குரல் மிகத் தெளிவாக இருந்தது முதல் வாரத்தில். அந்த வாக்கியங்கள்தான் மிக அதிக முறை திரும்பச் சேமிக்கப்படும். ஆகவே அவைதான் முதலில் அழியும்.

இனி ஏன் என்று சொல்ல வேண்டும்.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு நிலவறையில் தீப்பிடித்தது. பிப்ரவரி மாதம், மதியம் மூன்று மணி. அப்பா காகித ஆலையில் இரவு வேலை பார்த்தார். பகலில் வெளிச்சம் வராத இடம் என்பதால் நிலவறையில்தான் தூங்குவார். புகை அவரை எழுந்திருக்க விடவில்லை. நான் ஐஸ் ஹாக்கிப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்து, உடனே கிளம்பித் தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் வெஸ் பனிச்சறுக்கு அரங்கில் வேலையில் இருந்தான்.

வெஸ்ஸுக்குப் பத்தொன்பது வயது. நிலவறையில் இருந்த கணினியை அவனே கட்டியிருந்தான். இரண்டு கோடைகாலம் புல்வெட்டிச் சேர்த்து, பாகம் பாகமாக வாங்கிக் கட்டியது. அவன் அதை அணைப்பதில்லை. உறங்க வைத்துவிட்டுப் போவான். ஸ்கார் சாம்பலுக்குள் நான்கு நாட்கள் தேடினார். ஒன்பதாம் பக்கத்தில் எழுதினார்: வீட்டில் கட்டப்பட்டு, உறக்க நிலையில் விடப்பட்ட கணினியின் மின்வழங்கிப் பகுதியில் தீ தொடங்கியது.

வெஸ்ஸின் பெயர் அந்த வாக்கியத்தில் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை. அம்மா அதன் பிறகு அவனிடம் உப்பை எடு என்றுகூடப் பேசவில்லை.

வெஸ் கப்பல் துறைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். அங்கே அதே கணினியை மறுபடி கட்டினான். அதே பாகங்கள், அதே பெட்டி, அதே கம்பிகள். பழையதாகத் தேடிப் பிடித்து வாங்கினான். அதை உறங்க வைப்பான், எழுப்புவான். தொட்டுப் பார்த்துச் சூட்டைக் குறித்துக்கொள்வான். தான் எங்கே தவறு செய்தோம் என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், பன்னிரண்டு முறை உறங்க வைத்து எழுப்ப வேண்டும், பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது அவன்தான். இன்றைக்கும் எங்கள் கடையில் அதுதான் முறை. சனிக்கிழமைகளில் நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டு எண்ணுவேன்.

“நல்லாத்தான்டி இருக்கு,” என்பான். “நானூறு தடவை ஆச்சு. ஒரு தடவைகூடச் சுடவே இல்ல. அன்னிக்கு மட்டும் என்னடி ஆச்சு அதுக்கு?”

“தெரியலையே வெஸ்,” என்பேன்.

நான்கு வருடங்கள் அப்படிப் போயின. ஒரு மார்ச் மாதம், ஏரியின் மேல் உறைந்திருந்த பனி இளகத் தொடங்கிய பிறகு, அவன் அதன் மேல் நடந்து போனான். இளகிய பனியில் யாரும் நடக்க மாட்டார்கள் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நான் இயற்பியல் படித்து முடித்தேன். ஆராய்ச்சிக்குப் போகச் சொன்னார்கள். பழுது பார்க்கும் மேசையே போதும் என்று இங்கே வந்துவிட்டேன்.

ஸ்காருக்கு நான் கொடுக்க நினைத்தது இதுதான். நேசிக்கிற ஒன்று தன் கையால் கட்டிய இயந்திரத்துக்குள் அழிய வேண்டும். எங்கே தவறினோம் என்று அவர் தேட வேண்டும். கிடைக்கக் கூடாது. இதில் நியாயம் இல்லை என்று நீங்கள் நினைத்தால், எந்த இடத்தில் இல்லை என்று சொல்லுங்கள்.

நவம்பர் தொடக்கத்தில் அவர் மறுபடி வந்தார். கணினி ஒரு முறை விழுந்துவிட்டதாம். சீட்டில் என் பெயரை முழுதாக எழுதச் சொன்னார், நல்ல வேலைக்காரரின் பெயர் தெரிய வேண்டும் என்று. எழுதினேன். அவர் அந்தச் சீட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய வாரம் லைல் என்னை அவர் வீட்டுக்கே அனுப்பினார்.

“கிழவர் பெட்டியைத் தூக்கிட்டு அலையறது நல்லா இல்ல கே. நீயே போய்ப் பாத்துட்டு வா. அந்தம்மா ஏதாவது சாப்பிடக் கொடுத்தா எனக்கும் ஒரு துண்டு.”

ஆர்லிஸ் சன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தாள். மடியில் இரண்டு கைகளையும் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஆனாலும் புரிந்தது.

“வா வா. கம்ப்யூட்டர் டாக்டரா? இந்த மனுஷன் நாப்பத்தாறு வருஷமா வாயை மூடு வாயை மூடுன்னாரு. இப்பத் தெனமும் பேசு பேசுங்கறாரு.”

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்றார் ஸ்கார் சமையலறையிலிருந்து.

“பாத்தியா, ஒட்டுக் கேக்கறாரு. வெர்லின், அந்தப் பொண்ணுக்கு ராஸ்பெர்ரி கேக்கு வெட்டு. பெரிய துண்டா. உன் துண்டு மாதிரி வெட்டாதே.”

மையத்திலிருந்து கொடுத்த வாக்கியங்கள் தவிர, அவள் சொந்தமாகவும் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். ஸ்கார் எழுதியிருந்தார். மேசையில் கிடந்ததை நான் படித்தேன். வெர்லின், பூட்ஸைக் கழட்டு. சூப்புல உப்புப் பத்தல. நான் தூங்கல, கண்ணை மூடிட்டிருக்கேன். டிவியில அந்தாளு பொய் சொல்றான். எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போய்ச் சாப்பிடு.

நான் கணினியைச் சோதித்தேன். எல்லாம் நான் வைத்தபடி இருந்தது. பதிவுகளில் ஒன்றை மட்டும் காதில் மாட்டிக் கேட்டேன், மூன்றாம் எண். அவள் குரல் அதற்குள் இருந்தது, ஆனால் அதன் மேல் மணல் கொட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் காப்பாற்றக்கூடிய நிலைதான். அன்று நிறுத்தியிருந்தால் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

“சரியா இருக்காம்மா?” என்றார் ஸ்கார்.

“சரியா இருக்கு,” என்றேன்.

“மைக்கைப் பக்கத்துல கொண்டு வா,” என்றாள் ஆர்லிஸ். “இன்னிக்குக் கடைசி ஒண்ணு இவளுக்கு.” மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். “கைசா, ரொம்ப நன்றி. ரொம்பப் பொறுமைசாலி நீ.”

அது ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாம் வாக்கியம். அதையும் நான் தனியாக எடுத்து வைக்கவில்லை. ஒன்றை மட்டும் விலக்கி வைத்தால் சோதனை கெட்டுவிடும்.

கேக் நன்றாக இருந்தது. லைலுக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினாள்.

டிசம்பர் பதினேழாம் தேதி அவள் ஆயிரத்து அறுநூறை முடித்தாள். இருபத்தொன்றாம் தேதியிலிருந்து அவளால் பேச முடியவில்லை. மையத்திலிருந்து ஜனவரி முதல் வாரத்தில் பதில் வந்தது. பதிவுகளில் எதையும் பயன்படுத்த முடியவில்லை, அசல் கோப்புகள் இருந்தால் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். ஸ்கார் அந்தக் கடிதத்தைக் கடையில் என்னிடம் நீட்டினார். நான் படித்துவிட்டு, வருத்தமாக இருக்கிறது என்றேன். அவர் தன்னால்தான் என்றார். தனக்குத் தெரியாத வேலையில் கை வைத்திருக்கக் கூடாது என்றார். கடையிலேயே ஆயத்தமாக ஒன்று வாங்கியிருக்க வேண்டும் என்று நான்கு முறை சொன்னார்.

அந்த இருபது நிமிடமும் நான் மிக நிம்மதியாக இருந்தேன்.

என் தவறு ஒன்றே ஒன்று. அவர் என்ன வேலை பார்த்தவர் என்பதை நான் அவருடைய குற்றமாக மட்டும் நினைத்திருந்தேன். அவர் அதில் கெட்டிக்காரர் என்பதை மறந்துவிட்டேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மதியம் அவர் மறுபடி வந்தார். லைல் சாப்பிடப் போயிருந்தார். கையில் கணினி இல்லை, ஒரு நோட்டு மட்டும் இருந்தது. அதை மேசை மேல் விரித்து என் பக்கம் திருப்பினார். ஐந்து வாரங்களாக அவர் தன் குரலையே பதிவு செய்து, கணினியை உறங்க வைத்து எழுப்பி, திருப்பிக் கேட்டிருக்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு முறை. நான் செய்வதை இங்கே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

“வேகத்தைக் கொறைச்சா ஒரு கோளாறும் இல்ல. நீ வெச்ச மாதிரி திரும்ப வெச்சா, பதிவு கெடுது,” என்றார். “அந்தச் சின்ன புரோகிராமை எடுத்துட்டா, கெடறது மெதுவாகுது. அதுக்கு வேற வேலையே இல்லம்மா. கெடுக்கறது மட்டும்தான் அதோட வேலை.”

நான் நோட்டின் பக்கத்தைத் திருப்பினேன்.

“நீ யாருன்னு எனக்கு நவம்பர்லயே தெரியும். சீட்டுல ரவுத்தியோன்னு எழுதினியே. அப்பவே பேசியிருக்கணும். வாய் வரல. உங்க அண்ணனைப் பத்திப் பேப்பர்ல படிச்சேன் அப்போ.”

“நீங்க எழுதின ஒரு வரி,” என்றேன்.

“ஆமாம். நான் எழுதின வரிதான்.” அவர் நோட்டை மூடினார். “எழுதாத வரி ஒண்ணும் இருக்கு. பவர் சப்ளையோட மேல் வலையில பதப்படுத்தின தோலு கருகி ஒட்டியிருந்துது. நூலும் இருந்துது, கறுப்பும் மஞ்சளுமா. வேர்வை உப்பு இருந்துது. நான் எத்தனை ஹாக்கி வீடு பாத்திருப்பேன்? பிள்ளைங்க ஈரக் கையுறையை எங்க காயப் போடும்னு எனக்குத் தெரியாதா? சூடா எது இருந்தாலும் அது மேலதான்.”

வெளியே பனி வாரும் வண்டி போனது. அது போகும் வரை காத்திருந்தார்.

“தண்ணி சொட்டியிருக்கு உள்ள. தூங்கற மெஷின்லயும் கரண்ட் இருக்கும்னு உனக்கு அப்பத் தெரிஞ்சிருக்காது. யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“அப்ப ஏன் எழுதல?” என்று கேட்டேன்.

“உனக்குப் பதினாறு வயசும்மா. அப்பன் போயிட்டான். பழியை மெஷின் மேல போட்டா மெஷினுக்கு வலிக்கப் போறதில்லைன்னு நெனச்சேன். அதைக் கட்டின பையன் ஒருத்தன் இருக்கான்னு நெனைக்கல. நெனைச்சிருக்கணும். அது என் தப்புதான். அதுக்கு நீ என்னை எது வேணாலும் பண்ணியிருக்கலாம்.” அவர் குரல் உயரவே இல்லை. “ஆர்லிஸ் என்ன பண்ணினா?”

பழுதுச் சீட்டைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சீட்டு இல்லாமல் புகார் எழுத முடியாது என்றேன். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் போலீஸ் வண்டியில் நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியவை. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்றியது நான். நிரலை எழுதியது நான். நகலின் மேல் நகல் எழுத வைத்ததும் நான். லைலுக்கு எதுவும் தெரியாது. அவர் இன்னமும் இது ஏதோ தவறு என்று நினைத்து வக்கீலைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆர்லிஸ் ஸ்காரின் குரலில் இப்போது எங்கும் ஒரு வாக்கியம்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு ஓர் அந்நியப் பெண்ணின் குரலைப் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அந்தக் குரலில் அவள் முதலில் கேட்டது, கணினி பார்க்க வந்த அந்தப் பெண் சாப்பிட்டாளா என்பதுதான் என்றும் சொன்னீர்கள். அதை எதற்காக என்னிடம் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

கையுறைகளும் என்னுடையவைதான். அன்று பயிற்சி முடிந்து வந்ததும் வழக்கம்போல வெஸ்ஸின் கணினி மேல் கவிழ்த்து வைத்தேன். பிழியவில்லை. தோழி வெளியே காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். இதை அந்த வாரமே நான் புரிந்துகொண்டேன். வெஸ்ஸிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவன் என்னைக் கேட்கவே இல்லை. இயந்திரத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். கையில் பென்சிலோடு அவன் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அவன் தலையைத் திருப்பியிருந்தால் போதும்.

ஸ்கார் மேல் என் புகாரையும் நீங்கள் பதிவு செய்ய வேண்டும். அவர் சாட்சியத்தை மறைத்தார். ஓர் அரசு அதிகாரி, கண்ணால் கண்டதை, இரக்கப்பட்டு எழுதாமல் விட்டார். அந்த இரக்கத்தை நான் கேட்கவில்லை. அவர் உண்மையை எழுதியிருந்தால் வெஸ் இன்றைக்கு இருந்திருப்பான். அம்மா அவனோடு பேசியிருப்பாள். என்னோடு பேசியிருக்க மாட்டாள், அவ்வளவுதான். நான் அதைத் தாங்கியிருப்பேன்.

அவர் என்னை விசாரித்தது உண்மை. கணினி மேல் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். தீப்பிடித்த அன்று மருத்துவமனை வாசலில் ஒரு முறை, மறுநாள் அத்தை வீட்டுச் சமையலறையில் ஒரு முறை, அடக்கம் முடிந்த பிறகு தன் காரில் என்னை மட்டும் உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறை. மூன்று முறையும் இல்லை என்றேன். அதோடு விட்டுவிட்டார். நான்காவது முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.